ஜனவரிப் படகு

கைபடாத தீவு என்று எழுதச் சொன்னார் இயக்குநர்.
எழுதினேன்.
அடித்தேன்.

கைபடாமல் அங்கே ஒரு கல் கிடையாது.
எரிமலை துப்பியதையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி
இடுப்புயரச் சுவராக அடுக்கி
உள்ளே ஒற்றைத் திராட்சைக் கொடியைக் குந்தவைத்து
இதை மட்டும் விட்டுவிடு என்று
காற்றிடம் பேரம் பேசியவர்களின் ஊர்.

அசோர்ஸின் மேற்கு ஓரம், சான்டெல்மூ.
அதைத் தாண்டினால் அமெரிக்காவரை தண்ணீர்தான்.
நான் இருப்பது ஓர்த்தாவில்,
சுற்றுலா வாரியத்தின் மூன்றாவது மாடியில்.
தீவுக்கு ஆறு முறை போயிருக்கிறேன்.
நான்கு முறை, சொன்ன நாளில் திரும்ப முடியவில்லை.

மக்கள் முந்நூற்று எண்பத்து நான்கு.
பசுக்கள் அதைவிட அதிகம்.
விருந்தாளிக்கென்று நாற்பத்தொரு கட்டில்;
ஒன்பது சுல்மீராவுடையவை.
டாக்சியும் அவளுடையதுதான்.
தீயணைப்பு வண்டியின் சாவியும் அவள் இடுப்பில்தான்.
எங்காவது புகை தெரிந்தால்
ஏறியவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போவாள்.
அதையும் கையேட்டில் போடு என்கிறாள்.

படமெடுக்க லிஸ்பனிலிருந்து ஒருவன் வந்தான்.
மூன்று நாள் மூடுபனி.
நான்காம் நாள் மலை பத்து நிமிடம் முகம் காட்டியது.
அந்தப் பத்து நிமிடம்தான் இப்போது
பெர்லின் ரயில் நிலையத்தில்
ஓராள் உயரத்துக்கும் மேலாகத் தொங்குகிறது.
மின்கம்பிகளை அழித்துவிட்டான்.
கொடியில் காய்ந்த எவரிஸ்டோவின் காற்சட்டையையும்.

எவரிஸ்டோ தொலைபேசியில் கேட்டார்:
வீடு இருக்கிறது, நாய் இருக்கிறது,
என் காற்சட்டை எங்கே?

ஆகஸ்டில் எத்தனை பேரை அனுப்பலாம்?
இது இயக்குநர்.
தண்ணீர்த் தொட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
சிரித்தார்.
நிஜமாகவே கேட்டேன்.
இருநூற்றுப் பத்து என்றது தொட்டி,
அதுவும் மே மாதம் மழை பெய்தால்.

படகுத்துறையில் எங்கள் வரவேற்புப் பலகைக்கு
விளக்கு வைத்திருந்தோம்.
அக்டோபரில், முதன்முதலாகப் பறக்கத் துணிந்த
கடற்பறவைக் குஞ்சுகள்
அதை நிலவென்று நம்பி வந்து விழுந்தன.
மறுநாள் சிமென்ட் தரையில் பதினேழு.
பல்பைக் கழற்றினோம்.
இருட்டிய பிறகு வருகிறவரை
இப்போது தீவு வரவேற்பதில்லை.
யாரும் புகார் சொல்லவுமில்லை.

பிறகு கணக்காளர் வந்தார், சிவப்புப் பேனாவோடு.
ஜனவரிப் படகு: முப்பது இருக்கை, மூன்று பயணி.
மீதி இருபத்தேழு காலி இருக்கைகளுக்கு
வாரியம் ஏன் அழ வேண்டும்?

பயணிப் பட்டியலை எடுத்து வாசித்தேன்.
டோமிங்கா, எட்டு மாதம்.
கணித ஆசிரியர்,
திங்கள் வந்தால் வியாழன்தான் திரும்ப முடியும்.
எவரிஸ்டோ, கடைவாய்ப் பல்.
பட்டியலில் பெயரில்லாமல் ஒரு தெர்மாஸ் குடுவை,
உள்ளே காய்ச்சல் கண்ட கன்றின் ரத்தம்,
ஜன்னலோரம், கயிறு கட்டி.

இவர்களா சுற்றுலாப் பயணிகள்?
இல்லை.
பின்னே?

பின்னே என்ன.
பெர்லின்காரர் ஆகஸ்டில் வந்து இறங்கும்போது
எறிந்த கயிற்றைப் பிடித்துக் கட்ட
கரையில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.
அந்த ஆளுக்கு ஜனவரியில் பல் வலிக்கும்.

அவர் பேனாவை மூடவில்லை.
ஆனால் அந்த வரியைத் தாண்டி
அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அன்றைக்கு மாலை வாக்கியத்தை மறுபடி எழுதினேன்:
நிறையக் கைகள் பட்ட தீவு. வாருங்கள்.
திரும்புவது காற்றின் விருப்பம்.

இயக்குநர் காற்றை அடித்துவிட்டார்.
கைகளை விட்டுவைத்தார்.